மடவை மண்டையும் லாரன்ஸ் கையும்

ஒப்பீட்டு நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம், தென்மண்டலப் பிரிவு. இதை முழுசாக எழுதினால் பேனரில் வேறு எதற்கும் இடம் இருக்காது. அதனால் அடையாற்றுப் பக்கம் இருக்கிற அந்தக் கல்லூரியின் விலங்கியல் துறையில் எல்லோரும் ஹார்மோன் சங்கம் என்றே சொல்வார்கள். மீனுக்கும் தவளைக்கும் கோழிக்கும் மனிதனுக்கும் உடம்புக்குள் சுரக்கிற ஹார்மோன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதோடு ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பார்க்கிற படிப்பு அது. தென்மண்டலம் முழுக்கச் சேர்த்தாலும் உறுப்பினர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவர்களுக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு செய்திமடல் போகும். யாருக்குப் பதவி உயர்வு, யாருடைய மாணவருக்கு முனைவர் பட்டம், அடுத்த மாநாடு எங்கே, என்றைக்கு. இதெல்லாம் அதில் இருக்கும்.

அந்த ஜூலை மடலின் நாலாம் பக்கத்தில் மாநாட்டுச் செய்தி வந்திருந்தது. இந்த முறை மாநாடு சென்னையில். முதலில் டிசம்பர் என்றுதான் பேச்சு. கச்சேரி சீசனில் மயிலாப்பூர் வட்டாரத்தில் ஹாலும் கிடைக்காது, வெளியூர்க்காரர்களுக்கு அறையும் கிடைக்காது என்று யாரோ எடுத்துச் சொன்ன பிறகு, பொங்கல் கழிந்து ஜனவரிக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். தேதிகளுக்குக் கீழே நிகழ்ச்சி நிரல். அதில் இரண்டாம் நாள் பிற்பகலுக்கு நேராக இப்படி ஒரு வரி: 'மீன் தலையிலிருந்து பிட்யூட்டரிச் சுரப்பியைச் சிதையாமல் எடுத்தல், செய்முறை விளக்கம். நடத்துபவர்: திரு. ப. லாரன்ஸ், ஆய்வக உதவியாளர்.'

மடலைத் தொகுக்கிற உதவிப் பேராசிரியர் சாய்மா, அச்சாகி வந்த முதல் பிரதியை லாரன்ஸிடம்தான் கொடுத்தார். "லாரன்ஸ் அண்ணா, நாலாம் பக்கம் பாருங்க" என்று மட்டும் சொன்னார். லாரன்ஸ் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். அப்புறம் கை கழுவிவிட்டு வந்து மூன்றாவது தடவை பார்த்தார்.

இதில் என்ன இருக்கிறது, ஒரு வரிதானே என்று கேட்கலாம். அந்தத் துறையில் லாரன்ஸுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். சாந்தோம் கோயிலடியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா பவுல்சாமி பங்குப் பள்ளியில் பியூன். மகன் பிளஸ் டூவை முடித்துவிட்டு, தினக்கூலியாக இங்கே தவளைத் தொட்டி கழுவ வந்தான். இருபத்தாறு வருஷத்தில் அவர் எடுத்துக் கொடுத்த சுரப்பிகளை வைத்துப் பதினான்கு பேர் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்கள். கட்டுரைகளின் கடைசியில் பணம் கொடுத்த நிறுவனத்துக்கு நன்றி, கணினி கொடுத்த நண்பருக்கு நன்றி, பொறுமை காத்த மனைவிக்கு நன்றி எல்லாம் இருக்கும். லாரன்ஸ் பெயர் இருக்காது. மடலில் அவ்வப்போது ஆய்வகப் படம் போடுவார்கள். அதில் ஒரு மீன் தலையும் இரண்டு கைகளும் மட்டும் தெரியும். அந்தக் கைகள் லாரன்ஸுடையவை. கழுத்துக்கு மேலே வந்ததே இல்லை.

கைதான் அவருடைய சொத்து என்பதும் உண்மை. மடவை மீனின் மண்டையோட்டை மேலாகச் சீவி, மூளையைப் பின்பக்கத்திலிருந்து மெல்லத் தூக்கினால், அடியில் ஒரு சின்னக் குழியில் கடுகளவுக்கு வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் பிட்யூட்டரி. அதற்கு மேலே வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு தோல். ஊசியால் தோலைக் கீறி, இடுக்கியால் கடுகை நசுக்காமல் எடுத்து, ஆல்கஹால் குப்பியில் போட வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் பால் மாதிரிக் கரைந்து ஓடிவிடும், பிறகு எதற்கும் ஆகாது. ஆராய்ச்சி மாணவர்கள் பத்து எடுத்தால் ஆறு உடைப்பார்கள். லாரன்ஸ் உடைத்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

மடலை அன்று சாயங்காலமே மந்தைவெளி வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி லூயிசா பங்குப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். பிழை திருத்துகிற பழக்கத்தில் சிவப்புப் பேனாவோடுதான் எதையும் படிப்பாள். அன்றைக்குப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் படித்தாள். "திரு போட்டிருக்காங்க" என்றாள். அந்தத் தாள் மாதா படத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

சந்தோஷம் மூன்று வாரம்தான் நின்றது.

ஆகஸ்டில் ஒரு காலை, வழக்கம்போல ஒரு மடவைத் தலையைத் திறந்து, இடுக்கியைக் குழிக்குள் இறக்கினார். நுனி ஆடியது. கடுகு உடைந்தது. சரி, காலையில் ஒன்றும் சாப்பிடாத குறை என்று நினைத்தார். ஆனால் காலையில் எட்டு இட்லி சாப்பிட்டிருந்தார். அடுத்த தலையும் போனது. அன்றைக்கு இருபதில் மூன்று. அடுத்த வாரம் இருபதில் ஏழு. மணிக்கட்டை மேஜையில் அழுத்தி வைத்துக்கொண்டால் கொஞ்சம் பரவாயில்லை. அப்படியே சமாளித்தார். உடைந்ததைக் கணக்கில் காட்டி ஏமாற்றுகிற ஆள் இல்லை அவர். குப்பியில் இருபது முழுசாக இருக்க வேண்டும், அவ்வளவுதானே? அதற்கு முப்பத்தைந்து தலை வாங்கினால் போயிற்று. மிச்சத்தை யாருக்கும் தெரியாமல் ஒதுக்கிவிடலாம்.

கை மட்டும் இல்லை. சட்டை தொளதொளத்தது. லூயிசா பேண்ட்டுகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். பசி மட்டும் அகோரமாக இருந்தது. ராத்திரியில் நெஞ்சு குதிரை ஓடுகிற மாதிரி அடித்துக்கொண்டது. எந்நேரமும் வேர்வை. லூயிசா சர்க்கரைதான் என்று முடிவு கட்டி, தெருமுனை லேபில் ரத்தம் கொடுக்க வைத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. அப்படியானால் கண்ணேறு என்று அவளுடைய அம்மா வீட்டில் சொன்னார்கள்.

இனி துறைத் தலைவர் பேராசிரியர் ஸ்ரீவத்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலாப்பூர்க்காரர். நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். முப்பது வருஷமாக அவர் ஆராய்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான், தைராய்டு. தலைப்பிரட்டைத் தொட்டியில் தைராய்டு ஹார்மோனைச் சொட்டு விட்டு, வால் சுருங்கிக் கால் முளைப்பதை நாள் நாளாக அளப்பார். பக்கத்தில் இன்னொரு தொட்டி, மருந்தே விடாமல் சும்மா இருக்கும். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் இல்லையா, அதற்காக. 'கண்ட்ரோல் இல்லாத பரிசோதனை, உப்பு பார்க்காத சாம்பார்' என்பது அவருடைய பொன்மொழி. ஒரு தலைப்பிரட்டைக்கு அரை நாள் முன்னதாகக் கால் முளைத்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. எல்லாவற்றையும் தேதி போட்டு நீல அட்டை நோட்டில் எழுதிவிடுவார்.

அந்த மனிதர் தினமும் காலை ஒன்பதரைக்கு ஆய்வகத்துக்குள் வந்து முதலில் கேட்பது, "லாரன்ஸ், மடவை வந்துதா?"

"வந்துச்சு சார்."

செப்டம்பரில் ஒரு நாள் கூடுதலாக ஒன்று சொன்னார். "நன்னா இளைச்சுட்டேளே லாரன்ஸ்! என்ன டயட்? எங்காத்துல கேட்டுண்டு வரச் சொல்லியிருக்கா." லாரன்ஸ் சிரித்து வைத்தார். இன்னொரு நாள், லாரன்ஸ் வேர்வை தாங்காமல் மின்விசிறியை ஐந்தில் வைத்திருந்தார். ஸ்ரீவத்சன் வந்து, காற்றில் எடைக்கருவி ஆடுகிறது என்று விசிறியை நிறுத்தினார். கருவி ஆடியது அவருக்குத் தெரிந்தது. பக்கத்தில் ஆள் ஆடிக்கொண்டிருந்தது தெரியவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று நாம் எத்தனை தடவை சொல்லியிருப்போம்! வெண்ணெயே நெய்க்கு அலைந்த கதையை இங்கேதான் பார்க்க முடியும்.

அக்டோபர் முதல் வாரத்தில் இருபதுக்குப் பத்து உடைந்தது. லாரன்ஸுக்குப் பயம் வந்துவிட்டது. மாநாட்டில் மேஜைக்கு மேலே கேமரா வைத்து, கையைத் திரையில் ஆளுயரத்துக்குக் காட்டப்போவதாக சாய்மா சொல்லியிருந்தார். திரையில் அந்த இடுக்கி ஆடினால் நூற்றுச் சொச்சம் பேரும் பார்ப்பார்கள். ஸ்ரீவத்சன் சார் தலைகுனிவார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அச்சில் வந்த பெயர், இப்படி ஆகவா வந்தது? உடம்பு சரியில்லாததால் செய்முறை விளக்கத்திலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதினார். நாலு வரிதான். எழுத்தும் கோணல்மாணலாகத்தான் வந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் விடியற்காலை கிளம்பினார். முதலில் மீன் தலைக்கு நொச்சிக்குப்பம், பிறகு கல்லூரி, அங்கே போனதும் கடிதத்தைக் கொடுத்துவிடுவது என்று எண்ணம்.

அந்தக் குப்பத்து லூப் ரோட்டில் மீன் விற்கிற பூங்காவனத்திடம்தான் அவர் பத்து வருஷமாக வாங்குவது. தவளை அறுப்பது கல்லூரிகளில் நின்றுபோனபோது, எப்படியும் சமையலுக்கு வெட்டுகிற மீன்தானே, தலையை மட்டும் வாங்கிக்கொள்ளலாமே என்று ஸ்ரீவத்சன் சார் சொன்ன யோசனை அது. அடுக்குமாடிக்காரர்கள் மீனை வாங்கிவிட்டுத் தலை வேண்டாம் என்பார்கள். அந்தத் தலைகளை எல்லாம் ஐஸில் போட்டு லாரன்ஸுக்கென்று பூங்காவனம் எடுத்து வைப்பாள். அவருக்கு அவள் வைத்த பெயர் மண்டை அண்ணா.

"முப்பத்தஞ்சு இருக்கா?" என்று கேட்டார்.

பூங்காவனம் கத்தியைக் கீழே வைத்தாள். "இன்னாண்ணா, முன்னல்லாம் இருவது மண்டை வாங்கிக்கினு போவ. இப்போ முப்பத்தஞ்சு, நாப்பதுன்ற. உங்க சாரு மீன் கொழம்புக் கடை எதுனா போட்டுட்டாரா?"

"வேலை ஜாஸ்தி."

"வேலையா? இப்டித் திரும்பு. வெய்யில்ல மூஞ்சியக் காட்டு."

லாரன்ஸ் திரும்பினார். கடல் பக்கமிருந்து வந்த வெயில் முகத்தில் விழுந்தது. பூங்காவனம், ஒரு கூடை மீனைப் பார்க்கிற மாதிரியே அவரைப் பார்த்தாள்.

"கண்ணு ரெண்டும் இன்னா இப்டி முழிச்சிக்கினு கீது? மீனுக்குக் கண்ணு பொடைச்சிக்கினு இருந்தா நல்ல மீனு. மனுசனுக்குப் பொடைச்சிக்கினு இருந்தா ஆஸ்பத்திரிண்ணா. ரெண்டு கையும் நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுன்னா நீட்டேன்."

நீட்டினார். மீன் மடிக்க வைத்திருந்த செய்தித்தாளில் பாதியைக் கிழித்து, அவருடைய விரல்களின்மேல் பரப்பினாள். தாள் காற்றில்லாமலே படபடவென்று அடித்தது. பக்கத்துக் கடைக்காரிகூட எட்டிப் பார்த்தாள்.

"பாத்தியா? ஏழு வருசம் முன்ன எனுக்கும் இதேதான். டாக்டரம்மா இப்டித்தான் பேப்பர் வெச்சிப் பாத்தாங்க. இது தைராய்டு. கம்மியா சொரக்கறது இல்ல, எச்சா சொரக்கறது. நல்லாத் துன்னுவ, ஆனா எளைச்சிக்கினே போவ. நெஞ்சு தடதடன்னு அடிக்கும். சொல்லு, அடிக்குதா இல்லியா?"

லாரன்ஸ் தலையாட்டினார்.

"எண்ணா, நீ ஹார்மோன் ஆபீஸ்லதான வேலை செய்ற? அங்க அத்தினி டாக்டருங்க கீறாங்களே, ஒர்த்தர்கூடவா சொல்லல?"

இந்தக் கேள்வி லாரன்ஸை எங்கோ குத்தியது. "அவங்கல்லாம் மீன் டாக்டரும்மா" என்று சொல்லிப் பார்த்தார்.

"நானுந்தான் மீன்காரி" என்றாள் பூங்காவனம்.

அன்றைக்குக் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். வரிசையில் நின்று உள்ளே போனதும், இளவயது டாக்டர் முதலில் செய்த காரியம், கைகளை நீட்டச் சொல்லி ஒரு தாளை வைத்ததுதான். லாரன்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது பூங்காவனம் சொன்னது அட்சரம் பிசகாமல் இருந்தது. சுரப்பைக் குறைக்க ஒரு மாத்திரை, நடுக்கத்துக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் இன்னொன்று. நடுக்கம் சீக்கிரமே அடங்கும், மற்றதற்கு ஒன்றிரண்டு மாதம் ஆகும், கண் மெதுவாகத்தான் உள்ளே போகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். எழுதி முடித்துவிட்டு, எங்கே வேலை என்று கேட்டார். லாரன்ஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு காலேஜுல, மேடம்" என்று மட்டும் சொன்னார். துறையைக் காட்டிக் கொடுக்க மனசு வரவில்லை.

கடிதம் சட்டைப் பையிலேயே கிடந்து, லூயிசா துவைத்தபோது கூழானது. நோயைப் பற்றிச் சொன்னதும் அவள் முதலில் அழுதாள். பிறகு கோபப்பட்டாள். "அந்த சார்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள்.

லாரன்ஸ் சொல்லவில்லை. சொன்னால், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நல்லெண்ணத்தோடு வேறு யாரையாவது அந்த மேஜையில் நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரு சின்ன வீம்பும் இருந்தது. கேட்டால் சொல்லலாம். யாரும் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நாலு மாதம் இரண்டு கண்களைக் கண்ணாடியில்லாமல் வைத்துக்கொண்டு ஹார்மோன் சங்கத்து நடுவில் மறைத்துக் காட்டினார் லாரன்ஸ். அதற்கு அவர் ஒரு பாடும் பட வேண்டியிருக்கவில்லை.

நவம்பரில் இருபதுக்கு நாலு உடைந்தது. டிசம்பரில் ஒன்று. கிறிஸ்துமஸுக்கு லூயிசா பிடித்துத் தைத்த பேண்ட்டைத் திரும்பப் பிரித்தாள். புத்தாண்டு கழிந்த முதல் திங்கட்கிழமை, நொச்சிக்குப்பத்தில் போய், "இருவது போதும்மா" என்றார். பூங்காவனம் இருபதை எண்ணிப் போட்டாள். அவள் முகம் மலர்ந்திருந்ததை லாரன்ஸ் பார்த்தார்.

மாநாடு வந்தது. முதல் நாள் குத்துவிளக்கு, பொன்னாடை, நீளநீளமான உரைகள். ஸ்ரீவத்சன் சார் தலைப்பிரட்டையில் தைராய்டு பற்றி நாற்பது நிமிஷம் பேசினார், நல்ல கைதட்டல். மந்தைவெளி மெட்ரோ பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வந்ததில் பாதிப் பேர் தாமதமாக வந்தார்கள். அதனால் எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப்போயிற்று. இரண்டாம் நாள் பிற்பகல், சாப்பாட்டுக்குப் பிறகு ஹால் பாதி தூக்கத்தில் இருக்கிற நேரத்தில், லாரன்ஸின் முறை வந்தது.

வெள்ளைக் கோட்டு போட்டு மேஜைக்குப் பின்னால் நின்றார். எதிரே தட்டில் ஐந்து மடவைத் தலைகள். திரையில் அவருடைய கைகள் ஆளுயரத்துக்குத் தெரிந்தன. பின்வரிசையில் லூயிசா, பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். லாரன்ஸ் ஒரு தடவை சிலுவை போட்டுக்கொண்டார். முதல் தலையின் ஓட்டைச் சீவினார். மூளையைத் தூக்கினார். ஊசியால் கீறினார். இடுக்கி குழிக்குள் இறங்கியது. இடுக்கியின் நுனியில் அந்த வெள்ளைக் கடுகு முழுசாக மேலே வந்தபோது, திரையில் ஒரு நெல்லிக்காய் அளவுக்குத் தெரிந்தது. துளிகூட ஆடவில்லை. ஐந்து தலை, ஐந்து கடுகு. குப்பியைத் தூக்கிக் காட்டினார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் தட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் மைசூரிலிருந்து வந்த ஒரு மூத்த பேராசிரியை எழுந்தார். தமிழ் தெரிந்தவர். "என் மாணவர்கள் ஒருத்தருக்கும் இப்படி வர்றதில்லை. கை நடுங்காம இருக்க நீங்க என்ன செய்றீங்க?"

லாரன்ஸ் மேஜை மைக்கை நோக்கிக் குனிந்தார். பொய் சொல்லத் தோன்றவில்லை. "நடுங்கிச்சு மேடம். நாலு மாசம் முன்னாடி ரொம்ப நடுங்கிச்சு. எனக்குத் தைராய்டு, அதிகமாச் சுரக்குது. இப்போ மாத்திரை சாப்பிடுறேன்."

அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. முன்வரிசையில் இருந்த ஸ்ரீவத்சனைப் பார்த்துக் கை காட்டினார். "ஸ்ரீவத்சன் கண்டுபிடிச்சிருப்பார்! தைராய்டு ஆள் பக்கத்துலயே இருக்க உங்களுக்கென்ன கவலை?"

"இல்ல மேடம்" என்றார் லாரன்ஸ். "தலை வாங்குற இடத்துல, மீன் விக்கிற அம்மா கண்டுபிடிச்சாங்க."

ஹால் முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. தங்களையும் சேர்த்துத்தான் சிரித்துக்கொண்டார்கள். அந்த நூற்றுச் சொச்சம் பேரில் சிரிக்காதவர் ஸ்ரீவத்சன் மட்டும்தான். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் இன்னும் லாரன்ஸின் கைகள் மட்டும் தெரிந்தன.

சாயங்காலம் அவர் லாரன்ஸிடம் ஒன்றும் பேசாமல் கிளம்பிவிட்டார். லாரன்ஸுக்கு மனசே சரியில்லை. சபையில் வைத்துச் சாரை அவமானப்படுத்திவிட்டோமே என்று வழியெல்லாம் புலம்பினார். "நீங்க உண்மையைத்தானே சொன்னீங்க" என்றாள் லூயிசா. "இருந்தாலும்" என்றார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த 'இருந்தாலும்' வீட்டில் கிடந்தது. ஞாயிறு பூசையிலும் அதுதான் நெஞ்சில் ஓடியது.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு ஸ்ரீவத்சன் ஆய்வகத்துக்குள் வந்தார். லாரன்ஸ் எழுந்து நின்று, மடவை பற்றிய கேள்விக்குப் பதிலை நாக்கு நுனியில் வைத்திருந்தார். கேள்வி வரவில்லை.

"லாரன்ஸ், சித்த ஜன்னல் பக்கம் வாங்கோ" என்றார்.

லாரன்ஸ் போனார். ஸ்ரீவத்சன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தார். வலது கண், இடது கண், கழுத்து, திரும்ப வலது கண். ஒரு நிமிஷத்துக்கு மேல் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் யாரும் தன்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்பதால், லாரன்ஸுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மீன் தீவன மூட்டை நிறுக்கிற எடை மேடையைக் காட்டி ஏறச் சொன்னார். அறுபத்து மூன்று. மணிக்கட்டைப் பிடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினார். எழுபத்தாறு. நீல அட்டை நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தில் கோடு கிழித்து, தேதி, எடை, நாடித் துடிப்பு எல்லாம் எழுதினார்.

"எப்பத்துலேர்ந்து?"

"ஆகஸ்டுலேர்ந்து கை நடுங்குது சார். அதுக்கு முன்னாடியே எளைக்க ஆரம்பிச்சுட்டேன்."

"என்ன டயட்னு கேட்டேன்" என்றார் ஸ்ரீவத்சன். பேனாவை மறுபடி எடுத்தார். "அந்த அம்மா பேர் என்ன?"

"பூங்காவனம், சார்."

புது உயிரினம் கிடைத்தால் முதலில் கண்டவர் யார் என்று எழுதுகிற கட்டம் ஒன்று அந்த நோட்டில் உண்டு. அதில் 'திருமதி பூங்காவனம், நொச்சிக்குப்பம்' என்று எழுதினார். பிறகு லாரன்ஸைக் கைகளை நீட்டச் சொன்னார். மேஜைமேல் கிடந்த பழைய ஜூலை மடலை எடுத்து, நாலாம் பக்கத்தைப் பிரித்து, விரல்களின்மேல் பரப்பினார். தாள் அசையாமல் கிடந்தது. 'நடுக்கம்: இல்லை' என்று எழுதினார்.

நோட்டை மூடிவிடுவார் என்று லாரன்ஸ் நினைத்தார். அவர் மூடவில்லை. பக்கத்தில் இன்னொரு கோடு கிழித்து, ஸ்ரீவத்சன் என்று தன் பெயரை எழுதினார். செருப்பைக் கழற்றிவிட்டு எடை மேடையில் ஏறினார்.

"என்ன சார் இது?"

"கண்ட்ரோல் வேண்டாமா? ஒப்பிட்டுப் பார்க்க ஒருத்தர் வேணுமே" என்று சொல்லி, மணிக்கட்டை நீட்டினார். "எண்ணுங்கோ."

லாரன்ஸ் தயங்கித் தயங்கிப் பிடித்தார். தெரிந்தவரை எண்ணினார். எண்பத்தெட்டு. பிறகு சார் இரண்டு கைகளையும் நீட்ட, லாரன்ஸ் அதே மடலை, அதே பக்கத்தை, அவருடைய விரல்களின்மேல் வைத்தார். தாள் நடுங்கியது. நன்றாகவே நடுங்கியது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே மின்விசிறி ஓடவில்லை.

"பயப்படாதீங்க சார்" என்றார் லாரன்ஸ். "இது சுரப்பி இல்ல." தாளை எடுத்துக்கொண்டு, அந்தக் கைகள் இரண்டையும் ஒரு கணம் தன் கைகளில் பிடித்துக்கொண்டார். பிறகு விட்டுவிட்டார்.

ஸ்ரீவத்சன் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டை இழுத்துக்கொண்டார். பரிசோதனையில் வந்ததை மறைக்கிற ஆள் இல்லை அவர். தன் பெயருக்கு நேராக, 'நடுக்கம்: உண்டு' என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். எழுந்துபோய் விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு வந்தார்.

"லாரன்ஸ்" என்றார். "மடவை வந்துதா?"

"வந்துச்சு சார்."